தொழில்துறை உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பை நாடுகளிடையே பிரிப்பது எப்படி: இரண்டு பேரேடுகளின் கணக்கு

எந்த நாட்டில் உமிழ்வைக் குறைப்பது என்பது ஒரு கேள்வி. அதற்கான செலவை யார் ஏற்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது பொறியியல்: எந்த உலை பழசு, எங்கே மின்சாரம் சுத்தமானது, எந்த மாற்றம் இன்றே சாத்தியம். இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியது நியாயம்: இதுவரை காற்றில் அதிகம் கொட்டியது யார், இன்று கொடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுப் பேச்சுவார்த்தைகள் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நின்றதற்குப் பெரிய காரணம், இந்த இரண்டு விடைகளையும் 'இத்தனை சதவீதம் குறைப்பேன்' என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைக்கப் பார்த்ததுதான்.

அதனால் இரண்டு பேரேடுகளைத் தனித்தனியாக எழுதுங்கள். எங்கே குறைப்பது என்பதை எழுதுவது தளப் பேரேடு, செலவு யாருடையது என்பதை எழுதுவது பொறுப்புப் பேரேடு. கடைசியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாகவும் தொழில்நுட்பமாகவும் நேர்செய்யுங்கள். கொள்கை ஆய்வு செய்பவர், பேச்சுவார்த்தைக்குக் குறிப்பு தயாரிக்கும் அலுவலர், தொழிற்சங்கத்தார், மாணவர் என யாராக இருந்தாலும் கையில் ஒரு விரிதாளோடு கீழே உள்ள முறையைப் பின்பற்றலாம்.

எல்லைக்கோட்டை முதலில் போடுங்கள்

தொழில்துறை உமிழ்வு மூன்று வாசல்கள் வழியாக வெளியே போகிறது. உலையிலும் கொதிகலனிலும் எரியும் எரிபொருள் முதல் வாசல். மூலப்பொருளே வேதிவினையில் விடும் வாயு இரண்டாவது, இதைத்தான் செய்முறை உமிழ்வு என்கிறோம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், சூரிய வெப்பத்தில் சுட்டாலும்கூட, கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும். தொழிற்சாலை வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரியும் நிலக்கரி மூன்றாவது.

மூன்றாவதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் மேலே போகக் கூடாது. 2019-ல் உலகின் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வு, கார்பன் டை ஆக்சைடு சமானத்தில் (மற்ற வாயுக்களையும் அதே அளவு வெப்பமூட்டும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி எண்ணினால்), சுமார் 5,900 கோடி டன். நேரடி உமிழ்வை மட்டும் எண்ணினால் அதில் தொழில்துறையின் பங்கு 24 சதவீதம். வாங்கிய மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தால் 34 சதவீதம். அலுமினியம் போன்ற தொழிலில் இந்த முடிவு எல்லாவற்றையும் புரட்டிப்போடும். ஒரு டன் அலுமினியத்தை மின்பகுப்பில் எடுக்க 14,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அது அணையிலிருந்து வருகிறதா, அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து ஒரு டன் உலோகத்தின் உமிழ்வு மூன்று நான்கு மடங்கு மாறும். மின்சாரத்தைச் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. ஆனால் அதே டன்னை மின்துறைக் கணக்கிலிருந்து கழித்தாக வேண்டும். கழிக்க மறந்தால் ஒரே புகையை இரண்டு துறைகளின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

எண்ணும்போது வழக்கமாகக் கணக்கு உதைக்கும் இடங்கள் நான்கு.

சிமென்டில் எப்போதும் கிளிங்கரை (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும், அரைத்தால் சிமென்டாகும் கட்டியை) எண்ணுங்கள், மூட்டையை எண்ணாதீர்கள். கிளிங்கரில் கால்சியம் ஆக்சைடு 65 சதவீதம் என்று கொண்டால், ஒரு டன்னுக்கு 0.65 × 0.785 (ஒரு டன் கால்சியம் ஆக்சைடு உருவாகும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு) = 0.51 டன் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. உலைத் தூசியோடு வீணாகும் பகுதிக்கு 2 சதவீதம் கூட்டினால் 0.52. எரிபொருள் உமிழ்வு இதற்கு மேல், சுமார் 0.3 டன். சிமென்ட் உற்பத்தி முழுவதையும் 0.52-ஆல் பெருக்கினால், சாம்பலும் கசடும் கலந்த சிமென்டுக்கும் தூய கிளிங்கரின் பழி விழும். கிளிங்கரை இறக்குமதி செய்து அரைத்து மட்டும் விற்கும் நாட்டுக்கு, அது சுடாத கல்லின் உமிழ்வு ஏறும்.

இரும்புத் தாதுவை உருக்கும் ஊது உலையில் போடும் கல்கரி (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது) எரிபொருளாகவும் இருக்கிறது, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பொருளாகவும் இருக்கிறது. எரிபொருள் பட்டியலிலும் செய்முறைப் பட்டியலிலும் அது இரண்டு முறை ஏறிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தேசிய எரிசக்திக் கணக்கில் உள்ள கல்கரி அளவையும் ஆலைகள் சொல்லும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமோனியா ஆலையில் பிடித்த கார்பன் டை ஆக்சைடு யூரியாவாகிவிடும். அது வயலில் இட்ட பிறகுதான் காற்றில் கலக்கிறது. ஆகவே அமோனியாக் கணக்கில் கழித்து வேளாண்மைக் கணக்கில் ஏற்ற வேண்டும். யூரியா ஏற்றுமதியானால் அந்த டன்னும் எல்லை தாண்டிப் போகிறது.

கடைசியாக, சமானப் பெருக்கிகள்: ஒரு டன் வாயு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று சொல்லும் எண்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்குப் பழைய பட்டியலில் 298, பாரிஸ் ஒப்பந்தத்தின் அறிக்கை விதிகள் கேட்கும் ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் ஐந்தாம் மதிப்பீட்டுப் பட்டியலில் 265. நைட்ரிக் அமிலம் நிறையத் தயாரிக்கும் நாடு, பட்டியலை மட்டும் மாற்றினாலே அந்த வாயுவின் கணக்கில் 11 சதவீதம் குறைந்ததாகக் காட்ட முடியும். எனவே அடிப்படை ஆண்டுக்கும் இலக்கு ஆண்டுக்கும் ஒரே பட்டியல் இருக்கட்டும்.

மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் பங்கு பிரிக்க முடியாது

1850 முதல் 2019 வரை மனிதர் வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் கோடி டன். 2020 தொடக்கத்திலிருந்து எண்ணி, வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த சரிபாதி வாய்ப்பு வேண்டுமானால் மிச்சம் இருந்தது 50,000 கோடி டன்தான். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு வேண்டுமானால் 40,000 கோடி டன். 2 டிகிரிக்கு அதே மூன்றில் இரண்டு வாய்ப்போடு 1 லட்சத்து 15 ஆயிரம் கோடி டன். ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் கரைந்துகொண்டிருக்கிறது. எந்த வெப்பநிலை, எந்த வாய்ப்பு என்ற இரண்டையும் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இரண்டு தரப்பு இரண்டு மொத்தங்களை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சதவீதத்தைப் பற்றிப் பேசும்.

இந்த மொத்தத்தில் தொழில்துறைக்கு எவ்வளவு ஒதுக்குவது? மின்துறைக்கு மாற்று வழி கையில் இருக்கிறது. சிமென்டுக்கும் உருக்குக்கும் அது மெதுவாகவே வருகிறது. எனவே மின்துறையை வேகமாக இறக்கி, அதில் கிடைக்கும் இடத்தைக் கனரகத் தொழிலுக்குக் கொடுப்பது நியாயமான வழி. ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு துறையும் 'நான்தான் கடினமானவன்' என்று சொல்லும். 'செய்முறை உமிழ்வு இத்தனை சதவீதம்' என்று காட்ட முடிந்த தொழிலுக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுங்கள்.

பொறுப்புப் பேரேடு

1992-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. காலநிலைச் சட்டக மாநாட்டு ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு, நாடுகளுக்குப் பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள் உண்டு, அவை அவரவர் திறனுக்கு ஏற்றவை என்கிறது. அந்த வரியில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன: வரலாறும் வசதியும். தலைக்கு எவ்வளவு என்பது மூன்றாவது. எங்கே நுகரப்படுகிறது என்பது நான்காவது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வேறொரு நாட்டில் நுகரப்படும் பொருளுக்காகவே வெளியேறுகிறது என்பதால் இதையும் ஒதுக்கிவிட முடியாது.

நான்கையும் ஒரே சூத்திரத்தில் போட்டுக் குழைக்க வேண்டாம். வரலாற்றையும் வசதியையும் வைத்துக் குறியீட்டைக் கட்டுங்கள். மற்ற இரண்டையும் சரிபார்க்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வுக் கணக்குக்குப் பல நாடுகளின் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணைகள் (எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற பட்டியல்கள்) வேண்டும். அவை தாமதமாக வரும், துறைவாரியாகப் பிழையும் அதிகம். அந்த எண்ணை வைத்துச் சட்டக் கடமை சுமத்தினால் முதல் வழக்கிலேயே உடையும்.

கற்பனையான மூன்று நாடுகளை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். வருமானம் எல்லாம் வாங்கும் சக்திக்கு ஏற்பச் சரிசெய்த டாலரில்.

அ நாடு: மக்கள் 10 கோடி, தலா வருமானம் 50,000 டாலர். தொழில்துறையின் இதுவரையான உமிழ்வு 600 கோடி டன், இன்று ஆண்டுக்கு 20 கோடி டன்.

ஆ நாடு: மக்கள் 30 கோடி, தலா வருமானம் 12,000 டாலர். இதுவரை 300 கோடி டன், இன்று 60 கோடி டன்.

இ நாடு: மக்கள் 40 கோடி, தலா வருமானம் 3,000 டாலர். இதுவரை 100 கோடி டன், இன்று 20 கோடி டன்.

வரலாற்றுப் பங்கு நேரடியாக 60, 30, 10 சதவீதம். வசதியை அளக்க, அடிப்படைத் தேவைக்கான ஒரு வருமான வரம்பு வைத்து, அதற்கு மேலுள்ள வருமானத்தை மட்டும் எண்ணுங்கள். பசிக்கும் வயிற்றிடம் பங்கு கேட்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். வரம்பு 7,500 டாலர் என்று வையுங்கள். அ நாட்டிலும் ஆ நாட்டிலும் எல்லோரும் வரம்புக்கு மேல் என்று எளிமைக்காகக் கொண்டால், அ: 42,500 × 10 கோடி = 4,25,000 கோடி டாலர். ஆ: 4,500 × 30 கோடி = 1,35,000 கோடி டாலர்.

இ நாட்டில்தான் கவனம் வேண்டும். சராசரியை வைத்தால் அதன் வசதி பூஜ்யம். ஆனால் அங்கே 4 கோடிப் பேரின் சராசரி வருமானம் 12,500 டாலராக இருக்கலாம். அவர்கள் வரம்புக்கு மேல் சம்பாதிப்பது 5,000 × 4 கோடி = 20,000 கோடி டாலர். ஏழை நாட்டின் பணக்காரர்கள் அந்த நாட்டு ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. ஆகவே சராசரியை விட்டுவிட்டு வருமானப் பகிர்வை எடுங்கள். வசதிப் பங்கு இப்போது 73.3, 23.3, 3.4 சதவீதம்.

இரண்டுக்கும் சம எடை கொடுத்தால் பொறுப்புக் குறியீடு அ 66.6, ஆ 26.6, இ 6.7 (முழுமையாக்கியதில் சிறு வேறுபாடு உண்டு). மூன்று நாடுகளும் சேர்ந்து 100 கோடி டன்னை 60 கோடிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், குறைக்க வேண்டிய 40 கோடி டன்னில் அ-வின் பொறுப்பு 26.65 கோடி, ஆ-வின் பொறுப்பு 10.65 கோடி, இ-யின் பொறுப்பு 2.7 கோடி டன்.

இங்கே நின்று அ-வின் எண்ணைப் பாருங்கள். அதன் தொழில்துறை மொத்தமாக விடுவதே 20 கோடி டன். எல்லா ஆலையையும் நாளைக்கே பூட்டினாலும் 26.65 கோடி டன்னைத் தன் மண்ணில் குறைக்க முடியாது. இது கணக்குப் பிழை அல்ல. முன்னே தொழில்மயமான நாட்டின் பொறுப்பு அதன் எல்லைக்குள் அடங்காது என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது. ஒற்றை எண்ணில் பேசும்போது இந்த உண்மை வெளியே தெரிவதே இல்லை. அ நாடு '60 சதவீதம் குறைத்துவிட்டோம்' என்று நிமிர்ந்து நிற்கும், ஆ நாடு 'நீ தர வேண்டியது இன்னும் இருக்கிறது' என்று சொல்லும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

தொடக்க ஆண்டு எது என்பதில்தான் கடும் சண்டை நடக்கும். மனிதச் செயலால் வெப்பமாகிறது என்பது 1990 வரை அரசுகளுக்குத் தெளிவாகத் தெரியாது, எனவே அங்கிருந்து எண்ணுங்கள் என்பது ஒரு வாதம். தெரியாமல் கொட்டினாலும் அதனால் வந்த சொத்து கையில் இருக்கிறதே என்பது எதிர்வாதம். எதிர்வாதம்தான் வலுவானது என்பது எங்கள் கருத்து: பாலமும் துறைமுகமும் பழைய புகையில் கட்டியவை, இன்றும் வருமானம் தருகின்றன. ஆனாலும் இரண்டு ஆண்டுகளையும் வைத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 1990-லிருந்து எண்ணும்போது வரலாற்றுப் பங்கு 45, 42, 13 என்று மாறுவதாக வைத்துக்கொண்டால், அ-வின் பொறுப்பு 26.65-லிருந்து சுமார் 23.65 கோடி டன்னாக இறங்கும். டன்னுக்கு 80 டாலர் செலவு என்றால், அந்த ஒரு முடிவின் விலை ஆண்டுக்கு 240 கோடி டாலர். எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பது எண்ணாகத் தெரிந்தால் குரல் கொஞ்சம் தணியும்.

தளப் பேரேடு

இப்போது நியாயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, உலைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு ஆலைக்கும் வேண்டியவை: கொள்ளளவு, செய்முறை, கட்டிய ஆண்டு, அடுத்த பெரிய பராமரிப்பு ஆண்டு, மின்சார மூலம்.

பராமரிப்பு ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம்? ஊது உலையின் உள்சுவர்ச் செங்கல்லைச் சுமார் 15 முதல் 20 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அந்தச் செலவைச் செய்துவிட்டால் இன்னொரு இருபது ஆண்டுக்குக் கல்கரிக்குத் தாலி கட்டியது போலத்தான். மாற்றுவதற்குச் சற்று முன்பு தலையிட்டால் அதே பணம் புதிய வழிக்குப் போகும். எனவே தொடக்கப் புள்ளிக்கும் இலக்குக்கும் நடுவே நேர்கோடு போட்டு ஆண்டுக்கு 4 சதவீதம் என்று எழுதுவது காகிதத்தில் அழகாக இருக்கும், ஆலையில் நடக்காது. உருக்கு உமிழ்வு படிக்கட்டு போலத்தான் இறங்கும். படிகளின் தேதி அந்தப் பராமரிப்புப் பட்டியலில் இருக்கிறது.

உருக்கில் இன்னொரு நுணுக்கம். ஊது உலை வழியில் ஒரு டன் உருக்குக்குச் சுமார் 2.2 முதல் 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு. இயற்கை எரிவாயுவில் நேரடியாகத் தாதுவைக் குறைத்து மின் உலையில் உருக்கினால் ஏறத்தாழ 1.4. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால், மின்சாரத்தைப் பொறுத்து, அதிலும் பாதிக்குக் கீழே. அப்படியானால் எல்லோரும் பழைய இரும்புக்கு மாறலாமே என்று தோன்றும். பழைய இரும்பு கிடைக்க வேண்டுமே! கட்டிடத்திலும் பாலத்திலும் போன உருக்கு திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகும். நூறாண்டுக்கு முன்பே கட்டி முடித்த நாட்டிடம் இன்று பழைய இரும்பு குவிந்திருக்கிறது. இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கும் நாட்டிடம் இல்லை. 'டன்னுக்கு இத்தனை கிலோ' என்று எல்லோருக்கும் ஒரே கோடு போட்டால், முன்னே புகைவிட்ட நாட்டுக்கே அந்தப் புகையின் பலன் இரண்டாம் முறையும் கிடைக்கும்.

இதற்கு நல்ல தீர்வு சறுக்கு அளவுகோல். பன்னாட்டு எரிசக்தி முகமை 2022-ல் முன்வைத்த வரையறையில், உமிழ்வு ஏறத்தாழ இல்லாத உருக்கு என்று சொல்ல, பழைய இரும்பே கலக்காத உருக்குக்கு டன்னுக்கு 400 கிலோ வரை அனுமதி. முழுக்கப் பழைய இரும்பில் செய்ததற்கு 50 கிலோ மட்டுமே. நடுவில் கலவை விகிதத்துக்கு ஏற்பக் கோடு சரியும். தளப் பேரேட்டில் உருக்குக்கு இந்த மாதிரி அளவுகோலைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சிமென்டில் முதல் கைவைப்பு கிளிங்கர் விகிதத்தில். 50 சதவீதம் கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் அரைத்த சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம் என்ற கலவை இன்று நிரூபணமானது. கிளிங்கர் உலைக்கு 1,450 டிகிரி செல்சியஸ் வேண்டிய இடத்தில் களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். ஏற்ற களிமண் பல வளரும் நாடுகளில் தாராளமாக உண்டு. அங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் பழைய சிமென்ட் தரவிதியும் ஒப்பந்தப் பத்திரமும்தான், தொழில்நுட்பம் அல்ல. மிச்சமுள்ள கிளிங்கர் உமிழ்வைப் பிடித்துப் பூமிக்கடியில் அடைப்பது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் 2025-ல் தொடங்கிய அமைப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும். அது அந்த ஆலை உமிழ்வில் ஏறத்தாழப் பாதி. அதற்கும் அரசின் பெரும் நிதியுதவி தேவைப்பட்டது. விலையுயர்ந்த முதல் முயற்சிகளை வசதியுள்ள நாட்டில் செய்து, விலை இறங்கிய பிறகு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவதே சரியான வரிசை.

நாட்டின் அமைப்பைப் பார்த்துப் பங்கு பிரித்ததற்கு நடந்த உதாரணம் உண்டு. 1997-ல் கியோட்டோவில் செய்த உமிழ்வுக் குறைப்பு உடன்படிக்கையில் 15 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 8 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. 1998-ல் அதைத் தங்களுக்குள் பிரித்தபோது லக்சம்பர்க்குக்கு 28 சதவீதக் குறைப்பு, ஜெர்மனிக்கு 21 சதவீதக் குறைப்பு. ஸ்பெயினுக்கு 15 சதவீதமும் போர்ச்சுகலுக்கு 27 சதவீதமும் கூட்டிக்கொள்ள அனுமதி. மின்சாரம், ஏற்றுமதிக் கனரகத் தொழில், உள்நாட்டுத் துறைகள் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைத்த கணக்கு அந்தப் பேச்சுக்கு அடித்தளம் போட்டது. ஒரே சதவீதத்தைப் பிடித்துத் தொங்கியிருந்தால் அந்த ஒப்பந்தம் கிடைத்திருக்காது.

நம் உதாரணத்தில், உலைப் பட்டியலைப் பார்த்து அ நாட்டில் 12 கோடி டன், ஆ நாட்டில் 24 கோடி, இ நாட்டில் 4 கோடி குறைக்கலாம் என்று தெரிகிறது என்று வைப்போம். கூட்டினால் 40 கோடி. தளப் பேரேடு முடிந்தது.

இரண்டையும் நேர்செய்வது

அ: பொறுப்பு 26.65, மண்ணில் குறைப்பது 12. பாக்கி 14.65 கோடி டன்.
ஆ: பொறுப்பு 10.65, மண்ணில் குறைப்பது 24. வரவேண்டியது 13.35.
இ: பொறுப்பு 2.7, மண்ணில் குறைப்பது 4. வரவேண்டியது 1.3.

13.35 + 1.3 = 14.65. நேராகிவிட்டது. டன்னுக்கு 80 டாலர் என்றால் அ நாடு ஆண்டுக்கு 1,172 கோடி டாலர் தர வேண்டும். இது தானம் இல்லை, அதன் கணக்கில் நிற்கும் கடமை.

இந்தப் பணத்தை எப்படி எண்ணுவது என்பதில்தான் அதிக ஓட்டை. சந்தை வட்டிக்குக் கொடுத்த கடனின் முழுத் தொகையையும் உதவி என்று எழுதுவார்கள். ஏற்கெனவே அறிவித்த வளர்ச்சி உதவியின் பெயரை மாற்றிக் காட்டுவார்கள். விதியை முன்கூட்டியே எழுதுங்கள்: கடனில் மானியத்துக்குச் சமமான பகுதி மட்டுமே எண்ணப்படும். 100 டாலர் கடனில் சலுகை வட்டியால் பெறுபவருக்கு மிச்சமாவது 30 டாலர் என்றால் பேரேட்டில் ஏறுவது 30. 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த அளவு முதன்முதலாக எட்டப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது 2022-ல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். 2024-ல் பாகு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வந்தபோதும் யார் எவ்வளவு என்ற பங்கு எழுதப்படவில்லை. பொறுப்புப் பேரேடு இல்லாத தொகை யாருடைய கடனும் அல்லாத கடன்.

பணத்துக்குப் பதில், வேறொரு நாட்டில் நடந்த குறைப்புக்குக் கொடுக்கும் உமிழ்வுக் குறைப்புச் சான்றுகளை வாங்குவது இன்னொரு வழி. அதில் கையைச் சுட்டுக்கொண்ட வரலாறு உண்டு. கியோட்டோ முறையில், குளிர்பதன வாயுவான எச்.சி.எஃப்.சி.-22 தயாரிக்கும்போது துணைப்பொருளாக வரும் எச்.எஃப்.சி.-23-ஐ எரித்தால் சான்று கிடைத்தது. அந்த வாயுவின் சமானப் பெருக்கி பத்தாயிரத்துக்கும் மேல் என்பதால், எரிக்கும் செலவு அற்பம், சான்றின் வரவு மலை. விற்கும் வாயுவைவிட எரிக்கும் கழிவில் லாபம் கூடியதால் கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டும் தூண்டுதல் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் அந்தச் சான்றுகளைத் தன் சந்தையில் ஏற்பதை நிறுத்தியது. அதனால் மலிவாக அழிக்கக்கூடிய தொழில்துறை வாயுக்களை நேரடிச் சட்டத்தாலும் செலவை மட்டும் ஈடுகட்டும் மானியத்தாலும் ஒழியுங்கள். சந்தைச் சான்று கொடுக்காதீர்கள். மற்றவற்றுக்குச் சான்று கொடுத்தால், விற்ற நாடு அந்த டன்னைத் தன் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு இதைக் கேட்கிறது. கூட்டாவிட்டால் வாங்கியவரும் விற்றவரும் ஒரே குறைப்பைச் சொந்தம் கொண்டாடுவார்கள்.

கால அட்டவணை

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கச் செய்த மான்ட்ரியல் உடன்படிக்கையைப் பாருங்கள். 2016-ல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி, வளர்ந்த நாடுகளில் பெரும்பாலானவை 2019-ல் எச்.எஃப்.சி. எனும் குளிர்பதன வாயுக்களின் குறைப்பைத் தொடங்கி 2036-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். சீனா, பிரேசில் உள்ளிட்ட பெரும்பாலான வளரும் நாடுகள் 2024-ல் அளவு கூடுவதை நிறுத்தி 2045-க்குள் 80 சதவீதம். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், வளைகுடா நாடுகள் அடங்கிய குழு 2028-ல் நிறுத்தி 2047-க்குள் 85 சதவீதம். எல்லோருக்கும் கடமை உண்டு, தொடங்கும் நாள்தான் வேறு. கூடவே 1991 முதல் இயங்கும் பன்முக நிதியம், மாற்றத்தால் கூடுதலாகும் ஒப்புக்கொண்ட செலவை வளரும் நாட்டு ஆலைகளுக்குத் தருகிறது. அதன் செயற்குழுவில் இரு தரப்புக்கும் ஏழேழு இடங்கள். கொடுப்பவர் மட்டும் முடிவெடுக்கும் நிதியமாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சிமென்டுக்கும் உருக்குக்கும் இதே அச்சில் மூன்று குழுக்களை அமைக்கலாம். பின்னால் தொடங்கும் குழுவுக்கு இரண்டு நிபந்தனைகள் மட்டும் போடுங்கள்: புதிதாகக் கட்டும் ஆலை முதல் குழுவின் தரத்தில் இருக்க வேண்டும். பழைய ஆலைக்குத்தான் கால அவகாசம். இல்லையென்றால் அவகாசம் முழுவதும் புதிய ஊது உலை கட்டுவதில் போய்விடும்.

இலக்கு எந்த வடிவில் என்பதும் இங்கேதான். டன்னுக்கு இத்தனை என்ற தீவிரம் சார்ந்த இலக்கு வளரும் தொழிலுக்குப் பொருந்தும். ஆனால் தீவிரம் 30 சதவீதம் இறங்கி உற்பத்தி இரட்டிப்பானால் உமிழ்வு 1.4 மடங்கு. ஆகவே தீவிர இலக்கோடு ஓர் உச்சவரம்பு ஆண்டையும் எழுதி வையுங்கள்.

எல்லை வரி

இறக்குமதிப் பொருளின் உமிழ்வுக்கு எல்லையில் விலை வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் சரிக்கட்டு முறை 2023 அக்டோபரில் அறிக்கை அளவில் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து கட்டணக் கடமையோடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சிமென்ட், இரும்பு-உருக்கு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவை அதில் அடங்கும். ஏற்றுமதி நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலை கழிக்கப்படும். ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாக ஒதுக்கும் உமிழ்வு உரிமைகளைக் கருதாத எளிய கணக்கு இது: ஒரு டன் உருக்கில் 2 டன் உமிழ்வு, ஐரோப்பியக் கார்பன் விலை டன்னுக்கு 70 யூரோ, உள்நாட்டு விலை 10 யூரோ என்றால் எல்லையில் 120 யூரோ. உள்நாட்டு விலையை 40-ஆக உயர்த்தினால் எல்லையில் 60, மீதி 80 சொந்தக் கருவூலத்தில். ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு இது தெளிவான செய்தி.

ஆனால் நியாயக் கணக்கில் இந்த வரி ஒரு பொத்தலோடுதான் நிற்கிறது. அது தளப் பேரேட்டை மட்டும் பார்க்கிறது. வரலாறோ வசதியோ அதன் கண்ணில் படுவதில்லை. வசூலான பணம் இறக்குமதி செய்யும் தரப்பிலேயே தங்கினால், இ நாட்டின் பொறுப்பு எழுதப்படாமலே கூடிவிடுகிறது. வசூலை ஏற்றுமதி நாட்டின் ஆலை மாற்றத்துக்குத் திருப்பித் தர வேண்டும், மிகக் குறைந்த வருமான நாடுகளுக்கு விலக்கு வேண்டும். இரண்டும் இல்லாத எல்லை வரியைப் பொறுப்புப் பகிர்வு என்று அழைக்க முடியாது. நடைமுறையில் இன்னொரு கசிவும் உண்டு: ஒரே நாட்டில் சுத்தமான ஆலையின் சரக்கு ஐரோப்பாவுக்கும் அழுக்கான ஆலையின் சரக்கு மற்றவர்களுக்கும் திருப்பிவிடப்படும். தாளில் குறையும், காற்றில் குறையாது. ஆலைவாரியாக மட்டும் பார்க்காமல் நாட்டின் மொத்த உற்பத்தி எண்ணையும் கேளுங்கள்.

சரிபார்ப்பும் மீறலும்

அடிப்படை ஆண்டைத் தேர்வதில் ஏமாறாதீர்கள். கியோட்டோவில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் 1990 அளவைத் தாண்டாமல் இருப்பதே இலக்கு. சோவியத் சரிவில் ஆலைகள் மூடியதால் அவற்றின் உமிழ்வு அதற்கு வெகுகீழே கிடந்தது. எதுவும் செய்யாமலே விற்பதற்கு உமிழ்வு உரிமை குவிந்தது. ஒற்றை ஆண்டுக்குப் பதில் மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சராசரியை எடுங்கள். பொருளாதாரச் சரிவு, பெருந்தொற்று போன்ற ஆண்டுகளை விலக்குங்கள்.

தண்டனையை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடாதீர்கள். கியோட்டோவில் இலக்கைத் தவறவிட்ட நாடு, விட்டதை 1.3 மடங்காக அடுத்த காலத்தில் குறைக்க வேண்டும் என்பது விதி. கனடா 2011-ல் விலகுவதாக அறிவித்தது, கடன் அதோடு போயிற்று. முன்பணமாக ஒரு வைப்புத் தொகை அல்லது நிதியத்தில் வாக்குரிமை போன்ற, விலகினால் உடனே கைவிட்டுப் போகும் ஒன்றோடு கடமையைக் கட்டுங்கள்.

அறிக்கையை மூன்று பக்கத்திலிருந்து சோதியுங்கள்: ஆலையின் எரிபொருள் ரசீது, தேசிய எரிசக்திக் கணக்கு, சுங்கப் பதிவு. மூன்றும் 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் நின்று காரணம் கேளுங்கள். அதற்கும் மேலே காற்றே ஒரு சாட்சி. ஓசோனைச் சிதைப்பதால் தடைசெய்யப்பட்ட சி.எஃப்.சி.-11 வாயு எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018-ல் காட்டிக் கொடுத்தது எந்த அரசின் அறிக்கையும் அல்ல, வளிமண்டல அளவீடுதான். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, கூடுதல் உமிழ்வில் குறைந்தது 40 முதல் 60 சதவீதம் கிழக்குச் சீனாவிலிருந்து வந்ததைக் கண்டறிந்தது. நடவடிக்கைக்குப் பிறகு அது மளமளவென்று இறங்கியது. செறிவான தொழிற்பகுதிகளைச் சுற்றி அளவீட்டு நிலையங்கள் வைக்க ஆகும் செலவை நேர்செய்யும் நிதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் உலகளாவிய மதிப்பீடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. முதலாவது 2023-ல் முடிந்தது, அடுத்தது 2028-ல். இரண்டு பேரேடுகளையும் அதே தவணையில் புதுப்பியுங்கள். மக்கள்தொகை, வருமானப் பகிர்வு, இதுவரையான உமிழ்வு, உலைப் பட்டியல் ஆகிய நான்கும் தானாக மாறட்டும். ஆ நாடு பணக்கார நாடாகும்போது அதன் பொறுப்பும் யாரும் கேட்காமலே உயரும். தொடக்க ஆண்டு, வருமான வரம்பு, இரண்டு அளவுகோல்களின் எடை ஆகிய மூன்றும் பூட்டியே இருக்கட்டும். அவற்றைத் திறக்க எல்லாத் தரப்பின் ஒப்புதலும் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வையுங்கள்.